பால்பல்லும் மரபணுவும்



குழந்தையின் வளர்ச்சியில் பங்குள்ள மரபணுக்களைத் தேடுகிறார்கள் என்றதும் நம் கண்முன் வருவது டி.என்.ஏவைப் படிக்கும் இயந்திரம்தான். அந்தத் தேடலின் உண்மையான கைமுதல் வேறிடத்தில் இருக்கிறது என்பது இன்று நான் சொல்லவிருக்கும் செய்தி. இங்கிலாந்தின் தென்மேற்கே, பிரிஸ்டல் நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் உள்ளடக்கிய ஏவன் பகுதியில், 1991 ஏப்ரலுக்கும் 1992 டிசம்பருக்கும் இடையே பிரசவத் தேதி குறிக்கப்பட்ட பெண்களை ஜீன் கோல்டிங் என்ற ஆய்வாளர் ஓர் ஆய்வில் சேர்த்தார். 14,000-க்கு மேற்பட்ட கர்ப்பங்கள் பதிவாயின. தாய் என்ன சாப்பிட்டாள், வீட்டுச் சுவரில் ஈரம் உண்டா, குழந்தை இரவில் எத்தனை முறை விழிக்கிறது என்று வருடக்கணக்கில் வினாத்தாள்கள் போய்க்கொண்டே இருந்தன. தொப்புள்கொடி இரத்தம், முடி, நகம், விழுந்த பால்பற்கள் எல்லாம் சேர்த்துவைக்கப்பட்டன. பிரசவ அறையில் வேண்டாததென்று கழித்துவிடும் நச்சுக்கொடிகள் மட்டுமே சுமார் 9,000 அங்கே பத்திரமாக இருக்கின்றன. ஊர்மக்கள் இந்த ஆய்வை ‘தொண்ணூறுகளின் குழந்தைகள்’ என்றே அழைக்கிறார்கள். இது தொடங்கியபோது மனித மரபணுத்தொகுதியைப் படிக்கும் திட்டமே ஆரம்ப நிலையில்தான் இருந்தது. அது நிறைவேற 2003 ஆயிற்று. எதற்குப் பயன்படும் என்று முழுதாகத் தெரியாமலே சேர்த்த சேமிப்பு இது. பின்னாளில் மரபணுக்களுக்குப் பொருள் சொன்னது இந்தச் சேமிப்புதான்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 2007-இல் எக்ஸிடர், ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் சர்க்கரை நோய்க்கான மரபணுக்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பதினாறாம் குரோமோசோமில் எஃப்.டி.ஓ என்ற மரபணுவுக்குள் ஓரெழுத்து வேறுபாடு அகப்பட்டது. கூர்ந்து பார்த்தால், அது சர்க்கரையோடு நேரே தொடர்புடையதாக இல்லை. உடல் எடையைக் கூட்டி, அந்த வழியாகவே நோயைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 16 விழுக்காட்டினர் இந்த வேறுபாட்டைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இரட்டையாகப் பெறுகிறார்கள்; அது அறவே இல்லாதவர்களைவிட இவர்களின் எடை சராசரியாக மூன்று கிலோ கூடுதல். பெரியவர்களை மட்டும் ஆராய்ந்திருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். பிரிஸ்டல் குழந்தைகளின் ஏடு திறக்கப்பட்டதும்தான் அடுத்த கேள்விகளுக்கு வழி பிறந்தது. பிறப்பு எடையில் வித்தியாசம் ஏதுமில்லை. ஏழு வயதில் வித்தியாசம் இருந்தது. கூடியிருந்தது எலும்போ தசையோ அல்ல, கொழுப்பு. பிறகு பல நாட்டுக் குழந்தைகளின் வளர்ச்சிப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இன்னும் வியப்பான ஒன்று தெரிந்தது. இரண்டரை வயதுக்கு முன்பு இதே வேறுபாடு உள்ள குழந்தைகள் உயரத்துக்குக் கொஞ்சம் மெலிவாகவே இருக்கிறார்கள். ஐந்தரை வயதுக்கு மேல்தான் கணக்குத் தலைகீழாகிறது. ஒரே மரபணு வேறுபாடு, ஒரு வயதில் பார்த்தால் மெலிவு, இன்னொரு வயதில் பார்த்தால் பருமன். எந்த வயதில் எடைபோட்டோம் என்று கேட்காதவருக்கு இந்த மரபணு எதிரெதிரான இரண்டு விடைகளைத் தந்திருக்கும்.

எப்படி இது எடையைக் கூட்டுகிறது? 2008-இல் ஸ்காட்லாந்தில் நான்கிலிருந்து பத்து வயதுவரையுள்ள குழந்தைகளில் ஒரு சிறு குழுவினரை உட்காரவைத்துச் சாப்பாடு கொடுத்து, தட்டில் மிஞ்சியதை நிறுத்துப் பார்த்தார்கள். உடல் சும்மா இருக்கும்போது எரிக்கும் சக்தியில் வேறுபாடு இல்லை. இந்த வகை மரபணு உள்ள குழந்தைகள் உள்ளே தள்ளும் கலோரிதான் அதிகம். விஷயம் வயிற்றில் இல்லை, ‘போதும்’ என்று சொல்லும் இடத்தில் என்று அப்போது தோன்றியது. 2015-இல் வேறொரு குழு, இந்த எழுத்து எஃப்.டி.ஓவுக்குள் இருந்தாலும் அது ஆட்டிவைப்பது தொலைவிலுள்ள ஐ.ஆர்.எக்ஸ்3, ஐ.ஆர்.எக்ஸ்5 என்ற வேறு இரண்டு மரபணுக்களை என்றும், கொழுப்புச் செல்கள் வெப்பமாக எரிக்க வேண்டியதைச் சேமிக்கத் தொடங்குவதே காரணம் என்றும் காட்டியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. இதற்கிடையில் அமெரிக்காவின் ஃப்ராமிங்காம் ஆய்வு இன்னொரு முடிச்சைப் போட்டது: 1942-க்கு முன் பிறந்தவர்களிடம் இந்த மரபணு வேறுபாட்டுக்கும் எடைக்கும் தொடர்பே தென்படவில்லை, அதற்குப் பின் பிறந்தவர்களிடம் இருந்தது. உடலுழைப்பும் உணவும் மாறிய காலம் அது. ஆக, எந்த மரபணு என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான், எந்த வயதில், எந்த வழியாக, எந்தக் காலத்தில் என்ற கேள்விகள் தொடங்குகின்றன. அவற்றுக்கு டி.என்.ஏவில் விடை கிடையாது; எடை எந்திரத்திலும் சாப்பாட்டுத் தட்டிலும் பிறந்த தேதியிலும் இருக்கிறது.

பெண்குழந்தைகள் வயதுக்கு வரும் பருவத்தைப் பற்றிய தேடலும் இதே பாடம். 2009-இல் லின்28பி என்ற மரபணுவின் அருகிலுள்ள வேறுபாடு அகப்பட்டது. அதன் ஒவ்வொரு பிரதியும் பூப்பை முன்தள்ளுவது சுமார் ஆறு வாரம். இந்த மரபணுவின் உறவுக்கார மரபணு ஒன்று, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப் புழுவில் வளர்ச்சியின் கால ஒழுங்கைக் காப்பது என்று 1980-களிலேயே தெரிந்திருந்தது. அந்தப் புழு ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த விக்டர் ஆம்ப்ரோஸ் பின்னர், 2024-இல், நோபல் பரிசு பெற்றார். புழுவுக்கும் பெண்ணுக்கும் பருவம் குறிக்கும் பொறி ஒரே பரம்பரையைச் சேர்ந்தது என்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகான கண்டுபிடிப்பு. ஆனாலும் அளவை மறக்கக்கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட ஐரோப்பியப் பெண்கள் பதினாறு, பதினேழு வயதில்தான் பூப்பெய்தினார்கள். இப்போது அங்கே பதின்மூன்றுக்குக் கிட்டத்தில். மரபணு மாற ஆறு தலைமுறை போதாது. உணவும் நோயின்மையும் வருடக்கணக்கில் நகர்த்தியதை, மரபணு வாரக்கணக்கில் நகர்த்துகிறது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அளவெடுப்பதே கைமுதல் என்கிறீர்களே, மிக நன்றாக அளவெடுத்தவர்கள்தானே பெரிதாகத் தவறினார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்துவரும் ஆய்வு, உலகிலேயே மிக நேர்த்தியானவற்றில் ஒன்று. அதை வைத்து அவ்ஷலோம் காஸ்பியும் டெரி மொஃபிட்டும் 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்: செரட்டோனினைக் கடத்தும் மரபணுவின் குட்டை வடிவம் உள்ளவர்களுக்கு, வாழ்க்கையில் அடி விழும்போது மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம் என்று. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. 2009-இல் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு கரைந்துபோனது. 2019-இல் இப்படிப் பேர்பெற்ற 18 மரபணுக்களை, சில கணக்குகளில் நான்கு லட்சம் பேருக்கு மேல் வைத்துச் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மரபணுக்களைவிட அவை எவ்விதத்திலும் மேலானவையாக இல்லை. டனீடன்காரர்களின் அளவுகளில் பிழையில்லை. மரபணுவை முன்கூட்டியே ஊகித்துத் தேர்ந்தெடுத்ததிலும், ஆயிரம் பேர் போதும் என்று எண்ணியதிலும்தான் பிழை. ஒரு மரபணுவின் பங்கு மிகச் சிறியதாக இருக்கும்போது, ஆயிரம் பேரில் கிடைக்கும் பெரிய விளைவு பெரும்பாலும் தற்செயலின் வேலை. ஆகவே என் கூற்றைக் கொஞ்சம் திருத்தமாகச் சொல்ல வேண்டும். மரபணுவை அடையாளம் காண்பதற்கு எண்ணிக்கை வேண்டும், அதற்கு மாற்றில்லை. கண்ட மரபணு குழந்தைக்குள் என்ன செய்கிறது என்று அறிவதற்கு ஆழமான பதிவு வேண்டும், அதற்கும் மாற்றில்லை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஈடுகட்ட முடியாது.

எண்ணிக்கை மட்டும் பெருத்து, பதிவு மெலிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஒருவர் எத்தனை வருடம் படித்தார் என்பது எந்தப் படிவத்திலும் இருக்கும் விவரம். அதனால் அதற்கான மரபணுத் தேடல் அசுர வேகத்தில் வளர்ந்தது. 2013-இல் 1,26,559 பேரை வைத்து மூன்று இடங்கள் கிடைத்தன. 2018-இல் பதினோரு லட்சம் பேர், 1,271 இடங்கள். 2022-இல் முப்பது லட்சம் பேர், 3,952 இடங்கள். இவற்றையெல்லாம் கூட்டி ஒரு மதிப்பெண் போட்டால், படிப்பு வருடங்களில் காணும் வேறுபாட்டில் 12 முதல் 16 விழுக்காடு விளங்குகிறது என்றார்கள். கேட்க மிரட்டலாக இருக்கிறது. ஆனால் அந்த மதிப்பெண் அளப்பது எதை? 2018-இல் ஐஸ்லாந்தின் அகஸ்டின் காங் குழு ஒரு கெட்டிக்காரத்தனமான காரியம் செய்தது. ஒவ்வொரு பெற்றோரும் தம் மரபணுத்தொகுதியில் பாதியைத்தான் பிள்ளைக்குத் தருகிறார்கள். தராத மறுபாதி பிள்ளையின் உடலுக்குள் இல்லவே இல்லை. அந்தத் தராத பாதிக்கும் பிள்ளையின் படிப்புக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்தார்கள். இருந்தது, தந்த பாதியின் விளைவில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு. பிள்ளையிடம் இல்லாத மரபணு பிள்ளையின் படிப்பை எப்படித் தொடும்? பெற்றோரை ஒருவிதமான பெற்றோராக ஆக்கி, அவர்கள் அமைத்த வீட்டின் வழியாகத்தான். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பிகளை ஒப்பிட்டாலும் அந்த மதிப்பெண்ணின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. மரபணு என்று பெயரெழுதிய பெட்டிக்குள் வீடும் பள்ளியும் வருமானமும் ஒளிந்திருந்தன. முப்பது லட்சம் பேரைச் சேர்த்தும் அதைப் பிரித்துக்காட்ட முடியவில்லை. குடும்பத்தை ஒரு குடும்பமாகப் பார்த்த ஆய்வுதான் பிரித்தது. இந்த மதிப்பெண்ணை வைத்துக் கருக்களைத் தரம்பிரித்துத் தருகிறோம் என்று கடை விரித்திருக்கும் நிறுவனங்கள் மேலைநாடுகளில் ஏற்கெனவே உண்டு. விற்பவர் சொல்லாமல் விடுவது இந்த ஐஸ்லாந்துக் கணக்கைத்தான்.

இரட்டையர் ஆய்வுகளைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. 2015-இல் வெளிவந்த தொகுப்பு ஒன்று, ஐம்பதாண்டு இரட்டையர் ஆய்வுகள் அனைத்தையும் கூட்டி, மனிதப் பண்புகளில் காணும் வேறுபாட்டில் சராசரியாக 49 விழுக்காடு மரபுவழி என்றது. உயரத்துக்கோ அது எண்பதைத் தொடும். அப்படியானால் ஏறக்குறைய பாதி எழுதியாயிற்று, பிறகென்ன வயது, வழி என்று கேட்பது? இந்த எண்ணைத் தலையெழுத்தாகப் படிப்பதில்தான் கோளாறு. அது ஒரு சமூகத்துக்குள், ஒரு காலத்தில், ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைப் பங்கிடும் கணக்கு. எல்லோரையும் சேர்த்து உயர்த்தும் காரணத்தை அது கண்டுகொள்ளாது. ஒரு நூற்றாண்டில் தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் இருபது சென்டிமீட்டர் கூடியது. உலகிலேயே மிகப் பெரிய வளர்ச்சி. எண்பது விழுக்காடு மரபுவழி என்று நாம் சொல்லும் அதே உயரம்தான் அது. 2022-இல் ஐம்பத்து நான்கு லட்சம் பேரை ஆராய்ந்து உயரத்தோடு தொடர்புடைய 12,111 இடங்களைக் கண்டார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரின் உயர வேறுபாட்டில் சுமார் 40 விழுக்காட்டை அவை விளக்கின. மற்ற மக்களிடம் பத்திலிருந்து இருபதுதான். நம்முடைய குழந்தைகள் அந்த ‘மற்றவர்’ கணக்கில் வருகிறவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றை மரபணுவே ஒரு குழந்தையின் வளர்ச்சியைத் தடம்புரட்டும் நோய்களில் இந்த வாதமெல்லாம் செல்லாது என்பது மூன்றாவது மறுப்பு. பாதி ஒப்புக்கொள்கிறேன். அங்கே தேடல் நேரானது, பலனும் உடனடியானது. ஆனால் அங்கும் அளவெடுப்பதன் அருமை குறையவில்லை. சொல்லப்போனால் அங்கேதான் அது பளிச்சென்று தெரிகிறது. லண்டனில் ஒரு குடும்பம். மூன்று தலைமுறை, சுமார் முப்பது பேர், அவர்களில் பாதிப்பேருக்குப் பேச்சு சரியாக வரவில்லை. 1990-இல் இவர்களைப் பற்றி முதலில் பரபரப்பாகப் பேசப்பட்டது, இலக்கணத்தை மட்டும் கெடுக்கும் மரபணு இவர்களிடம் இருக்கிறது என்பது. பன்மை விகுதி, இறந்தகால விகுதி ஆகியவற்றில் இவர்கள் தடுமாறியதுதான் ஆதாரம். பத்திரிகைகளும் ‘இலக்கண மரபணு’ என்று எழுதித் தீர்த்தன. லண்டன் குழந்தைகள் நல ஆய்வு நிறுவனத்தின் ஃபரானே வர்கா-காதெமும் சக ஆய்வாளர்களும் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சோதித்தார்கள். உதட்டைக் குவி, நாக்கை நீட்டு, இரண்டையும் அடுத்தடுத்துச் செய் என்றால் அவர்களால் முடியவில்லை. சொற்களை ஒலிக்கும் வேகமான வாயசைவுகளை மூளை கோத்துத் தருவதில்தான் அடிப்படைச் சிக்கல். இலக்கணத் தடுமாற்றம் பெரிய சிக்கலின் ஒரு பகுதி மட்டுமே. மரபணுத் தேடல் 1998-இல் ஏழாம் குரோமோசோமின் ஒரு பகுதிவரை போனது. இந்தக் குடும்பத்தோடு எந்த உறவுமில்லாத, அதே வகைப் பேச்சுச் சிக்கலும் அதே இடத்தில் முறிந்த குரோமோசோமும் உள்ள ஒரு சிறுவன் கிடைத்ததால், 2001-இல் ஃபாக்ஸ்பி2 என்ற மரபணுவையே சைமன் ஃபிஷர், ஆண்டனி மோனாக்கோ குழு பிடித்துவிட்டது. புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது, அவ்வளவே. மரபணு கிடைப்பதற்கு முன்பே குழந்தையின் வாயைப் பார்த்து உண்மையை எட்டியவர்கள் இருந்தார்கள். அவர்கள் இல்லையென்றால் அந்த மரபணுவுக்கு நாம் தவறான விளக்கத்தையே சொல்லிக்கொண்டிருப்போம்.

பிரிட்டன், அயர்லாந்தின் 24 மரபணு மருத்துவ மையங்கள் சேர்ந்து, காரணம் தெரியாத வளர்ச்சிக் குறைபாடுள்ள 13,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளையும் பெற்றோரையும் ஆராய்ந்தன. 2023-இல் வெளியான கணக்குப்படி சுமார் 5,500 குழந்தைகளுக்கு, அதாவது பத்தில் நால்வருக்கு, காரணம் தெரிந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் மாற்றம் புதிதாக நேர்ந்தது. தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை. ‘யார் வீட்டு ரத்தம்’ என்று சம்பந்திகள் சண்டை போட்டுக்கொள்வதற்கு அங்கே இடமே இல்லை. இந்தக் கணக்கு கைகூடியதற்குக் காரணம், ஒவ்வொரு குழந்தையின் தலைச்சுற்றளவு, முக அமைப்பு, நடை, பேச்சு எல்லாவற்றையும் எல்லா மையங்களும் ஒரே கலைச்சொற்களில் எழுதிவைத்ததுதான். சரியாகக் கண்டுபிடித்தால் என்ன செய்யலாம் என்பதற்கு ஃபீனைல்கீட்டோனூரியா என்ற ஒற்றை மரபணு நோய் பழைய சாட்சி. 1934-இல் நார்வே மருத்துவர் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் இரு குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடை விட்டதும் அது பச்சையானது. 1950-களில் ஹார்ஸ்ட் பிக்கல் உணவை மாற்றிப் பலன் காட்டினார். அடுத்த பத்தாண்டில் ராபர்ட் கத்ரி, நோயைக் கண்டறியப் பச்சிளம் குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் போதும் என்று ஆக்கினார். மரபணு அப்படியே இருக்கிறது. பிறந்த முதல் வாரங்களிலேயே உணவை மாற்றினால் மூளை தப்பிக்கிறது, காலம் கடந்தால் தப்புவதில்லை. நோயின் காரணம் ஒற்றை மரபணு என்றாலும் தீர்ப்பு வயதின் கையில்.

நம் நாட்டுக்கு இதில் என்ன வேலை என்றால், நிறையவே இருக்கிறது. பிரிட்டனில் பெரும்பான்மையான மாற்றங்கள் புதிதாக நேர்ந்தவை. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடக்கின்றன. அகமண வழக்கமோ நூற்றாண்டுகள் பழையது. இரு பக்கத்திலிருந்தும் ஒரே மறைந்த குறை வந்து சேரும் நோய்கள் இங்கே கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். அவர்களின் பட்டியல் நமக்கு அப்படியே பொருந்தாது. 10,000 பேரின் மரபணுத்தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டம் நல்ல தொடக்கம்; ஆனால் அது ஆரோக்கியமான மக்களிடம் எந்தெந்த வேறுபாடுகள் உள்ளன என்று சொல்லும் அகராதி, குழந்தை எப்படி வளர்ந்தது என்ற வரலாறு அதில் இல்லை. அந்த வரலாற்றை எழுதியவர்கள் வேறு. 1969 முதல் 1973 வரை வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளைக் கிறித்தவ மருத்துவக் கல்லூரி எடைபோட்டு, பெரியவர்களாகும்வரை தொடர்ந்தது. அதே காலத்தில் டெல்லியிலும் ஒரு குழு தொடங்கியது. கைக்குழந்தைப் பருவத்தில் மெலிந்திருந்து, பின்னர் வேகமாக எடை போட்டவர்களுக்கே வாலிபத்தில் சர்க்கரைக் கோளாறு அதிகம் என்று இரண்டும் காட்டின. சற்று முன் சொன்ன எஃப்.டி.ஓ குழந்தைகளின் வளைகோட்டை இது நினைவூட்டுகிறது. ஒற்றுமை மட்டும் காரணமாகிவிடாது என்றாலும் ஆராயத்தக்க ஒற்றுமை. 1993-இல் தொடங்கிய புனே கிராம ஆய்வில் சித்தரஞ்சன் யாக்னிக் குழு இன்னொன்றைக் கண்டது: புனேக் குழந்தை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தை 3.5 கிலோ, ஆனால் எடையில் இவ்வளவு குறைந்த நம் குழந்தையின் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. வெறும் தராசு சொல்லாத இதைத் தோல்மடிப்பை அளக்கும் இடுக்கி சொன்னது.

இவ்வளவு ஏழைக் குழந்தைகள் இருக்கும்போது மரபணு ஆராய்ச்சி ஆடம்பரம் அல்லவா என்று கேட்பார்கள். நான் கேட்பதில் பெரும்பகுதி மரபணு ஆராய்ச்சியே அல்ல. தமிழ்நாட்டில் கர்ப்பம் பதிவானதும் தாய்க்குப் பிக்மி எண் கிடைக்கிறது. பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்கிறார்கள். அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்க்கிறார்கள். பள்ளியில் சேர்ந்ததும் அந்த ஏடு ஒருபுறம், குழந்தை ஒருபுறம் என்றாகிவிடுகிறது. இரண்டு மூன்று மாவட்டங்களில் மட்டும், விருப்பமுள்ள பெற்றோரிடம், எடையோடு நீளமும் தலைச்சுற்றளவும் தோல்மடிப்பும் ஒழுங்காக எடுத்து, முதல் சொல் வந்த மாதத்தையும் பெண்குழந்தை பூப்பெய்திய வயதையும் சேர்த்து, பதினெட்டு வயதுவரை அறுபடாமல் தொடர்ந்தால், மரபணு ஒன்றுகூடப் படிக்காவிட்டாலும் அது ஊட்டச்சத்துத் திட்டங்களுக்கே வழிகாட்டும். மரபணுவைப் படிக்கும் செலவு வருடத்துக்கு வருடம் குறைகிறது. கடந்துபோன குழந்தைப் பருவத்தைப் பிறகு எவ்வளவு கொடுத்தாலும் அளக்க முடியாது.

எனக்கே கனமாகத் தோன்றும் மறுப்பு வேறு. சாதிவாரியாக மணவுறவு அமைந்த நாட்டில், ஒரு மரபணு முடிவு ஒரு சமூகத்தின் நெற்றியில் ஒட்டும் முத்திரையாகிவிடாதா? ஆகலாம். அந்த அச்சத்துக்கு வாய்மொழி உறுதி போதாது. பிரிஸ்டல் ஆய்வில் தொடக்கத்திலேயே நெறிமுறைக்கும் சட்டத்துக்குமென்று தனிக்குழு அமைத்தார்கள். பெயர்களைத் தரவுகளிலிருந்து பிரித்துவைத்தார்கள். குழந்தைகள் பெரியவர்களானபோது, தாய் கொடுத்த சம்மதம் போதாதென்று அவர்களிடமே மறுபடி கேட்டார்கள். இந்த மூன்றும் இங்கே சட்டமாக எழுதப்படும்வரை ஒரு குழந்தையின் எச்சிலைக்கூட மரபணுவுக்காக எடுக்கக்கூடாது. உயரத்தையும் எடையையும் ஒழுங்காக எழுதிவைப்பதற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அதை வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.